ஸ்ட்ரெயிட்டில் பின்தங்கினால் இன்ஜினா காரணம்?

"கார் இழுக்கவே மாட்டேங்குது சார், ஸ்ட்ரெயிட்டில் எல்லாரும் தாண்டிப் போறாங்க." ரேஸ் கார்களின் டேட்டாவைப் பார்ப்பது என் வேலை என்பதால், இளம் ஓட்டுநர்களிடமும் அவர்களுடைய பெற்றோரிடமும் இந்தப் புகாரை அடிக்கடி கேட்கிறேன். (ஸ்ட்ரெயிட் என்பது ரேஸ் டிராக்கின் நேரான பகுதி.) சில சமயம் உண்மையாகவே இன்ஜின் சோர்ந்திருக்கும். பெரும்பாலும் கோளாறு ஸ்ட்ரெயிட்டுக்கு முந்தைய வளைவில்தான்.

ஒரே மாதிரி கார் ஓட்டும் சக ஓட்டுநரின் ஒரு லேப் (டிராக்கை ஒரு முறை சுற்றுவது) டேட்டாவை, புகார் சொல்பவருடையதன் மேல் வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். இவர் பிரேக்கைத் தாமதமாகப் பிடிக்கிறார், துணிச்சல்தான். ஆனால் விடுவதும் தாமதம். வளைவின் நடுவே ஸ்டீயரிங் இன்னும் திரும்பியே இருக்க, ஆக்சிலரேட்டரை மிதிக்கிறார், பின்பக்கம் வழுக்குகிறது, காலை எடுக்கிறார், மறுபடி மிதிக்கிறார். மற்றவர் அதற்குள் முழுசாக மிதித்தாயிற்று. வளைவை விட்டு வரும்போது மணிக்கு 5 கி.மீ. குறைந்தாலும் போதும், ஸ்ட்ரெயிட் முடியும்வரை நேரம் கரைந்துகொண்டே போகும். இன்ஜினைச் சோதிக்க, முன்னால் வேறு கார் இல்லாத லேப்பை எடுத்து, ஒரே கியரில் ஒரே வேகத்திலிருந்து இரண்டு காரும் எப்படி வேகம் பிடிக்கின்றன என்று பார்க்க வேண்டும். புது இன்ஜினுக்குப் பணம் கட்டும் முன் இந்த ஒப்பீட்டைக் கேட்டு வாங்குங்கள்.

அதற்காக எல்லாமே ஓட்டுநர் கையில் என்றும் சொல்லமாட்டேன். ஃபார்முலா 1 பந்தயத்தில் ஜென்சன் பட்டன் 2008 சீசன் முழுவதும் ஹோண்டா டீமில் எடுத்தது 3 புள்ளிகள். மறு வருடம் அதே டீம் பிரான் என்று பெயர் மாறி, மெர்சிடிஸ் இன்ஜினும், காரைத் தரையோடு அழுத்திப் பிடிக்க உதவும் பின்பக்க அமைப்பான இரட்டை டிஃப்யூசருமாக வந்தது. முதல் 7 ரேஸ்களில் 6 அவருக்கு, கடைசியில் சாம்பியன் பட்டமும். ஒரு குளிர்காலத்தில் யாருக்கும் அவ்வளவு திறமை கூடிவிடாது. 2020இல் வில்லியம்ஸில் ஒரு புள்ளிகூட எடுக்காத ஜார்ஜ் ரஸ்ஸல், மெர்சிடிஸ் ஓட்டுநர் ஹாமில்டனுக்குக் கொரோனா வந்ததால் பஹ்ரைனின் சாகிரில் அவருடைய காரில் ஏறினார். தகுதிச் சுற்றில் அந்த டீமின் இன்னொரு ஓட்டுநர் போட்டாஸைவிட 0.026 விநாடிதான் பின்னால். (கால் வைக்க இடம் போதாமல் ஒரு அளவு சிறிய ஷூவோடு ஓட்டினார்!)

சரி, கார்தான் எல்லாம் என்றால் 2023 ரெட்புல்லை என்ன சொல்வது? வெர்ஸ்டாப்பனுக்கு 19 வெற்றி, அதே கார் ஓட்டிய பெரெஸுக்கு 2. அந்தக் கார் ஒருவருடைய பாணிக்கே ஒத்துவந்தது என்பார்கள். பாதி நியாயம் அதில் இருக்கிறது. ஆனாலும் ஓட்டுநரை எடைபோட சக ஓட்டுநரைவிட நல்ல தராசு எங்களிடம் இல்லை.

இன்னொன்று, பிட்டுக்கு (டீம் காரைக் கவனிக்கும் இடத்துக்கு) திரும்பியதும் ஓட்டுநர் பேசும் பேச்சு. "கார் மோசம்" என்றால் எங்களால் எதையும் மாற்ற முடியாது. "மூன்றாவது வளைவில் பிரேக்கை விட்டதும் முன்பக்கம் திரும்ப மாட்டேங்குது" என்றால், அடுத்த ஓட்டத்துக்குள் முன்பக்க விங்கிலோ சஸ்பென்ஷனிலோ கை வைத்துவிடலாம்.