டர்ஹம் கவுண்டி: கரியோட இல்ல, தண்ணியோடதான் சண்டை

இங்கிலாந்து மேப்ல வடகிழக்குப் பக்கம் பாருங்க, டைன் ஆத்துக்கும் டீஸ் ஆத்துக்கும் நடுவுல இருக்கற துண்டுதான் டர்ஹம் கவுண்டி (கவுண்டின்னா நம்ம மாவட்டம் மாதிரி). மேற்கால பென்னைன் மலை, கிழக்கால வடகடல். 1974ல எல்லையை மாத்தி கேட்ஸ்ஹெட், சண்டர்லேண்ட் எல்லாத்தையும் தனியா பிரிச்சுட்டாங்க, நான் சொல்றது பழைய கவுண்டியை.

இந்த ஊர் நிலக்கரிச் சுரங்கக் கதை முழுக்க ஒரே ஒரு சாய்வுல அடங்கியிருக்கு. சுமார் 31 கோடி வருஷத்துக்கு முன்னாடி இங்க சதுப்புக் காடு. மரம் செடியெல்லாம் விழுந்து மக்கி, மேல மண்ணு மூடி, அழுந்தி அழுந்தி கரியாச்சு. அப்புறம் நிலம் அசைஞ்சதுல அந்த அடுக்கெல்லாம் சாய்ஞ்சிடுச்சு. நாலஞ்சு பாயை அடுக்கி வச்சு ஒரு ஓரத்தை மட்டும் தூக்கிப் பிடிங்க, அப்படித்தான். தூக்கின ஓரம் மேற்கு, அங்க கரி மலைச்சரிவுலயே எட்டிப் பார்க்கும். கிழக்கால போகப் போக ஆழமா இறங்கி கடலுக்கு அடியிலயே போயிடும். போதாததுக்கு கிழக்குப் பக்கம் மட்டும் மேல ஒரு தடிமனான சுண்ணாம்புக் கல் போர்வை வேற.

அதனால முதல்ல தோண்டினது மேற்கையும் ஆத்தங்கரையையும்தான். வெட்டின கரியை மரத் தண்டவாளத்துல வண்டி வச்சு குதிரை கட்டி ஆத்துக்கு இழுத்துட்டு வந்து படகுல ஏத்தி, அங்கிருந்து கப்பல்ல லண்டனுக்கு. இந்தக் குதிரை வண்டிக்காக 1726 வாக்குல கட்டின காஸி ஆர்ச்ங்கிற கல் பாலம் இன்னும் நிக்குது, ரயில் எஞ்சினே பொறக்காத காலத்து ரயில் பாலம்!

கொஞ்சம் ஆழமா போனதும் தண்ணி ஊற ஆரம்பிச்சுது. அதுக்குத்தான் நியூகமன் எஞ்சின். ஒரு பெரிய சிலிண்டர்ல நீராவியை விட்டு, உடனே உள்ள பச்சைத்தண்ணி அடிச்சா நீராவி சுருங்கி வெற்றிடமாகும், வெளிக்காத்து பிஸ்டனை கீழ அமுக்கும், ஏத்தம் மாதிரி ஒரு பெரிய மர உத்தரம் அந்தப் பக்கம் பம்ப் கம்பியைத் தூக்கும். கரியை மூட்டை மூட்டையா முழுங்குற எஞ்சின் இது, ஆனா சுரங்க வாசல்ல விக்காத பொடிக்கரி சும்மாதானே கிடக்கு, யார் கவலைப்பட்டா!

கிழக்குல சுண்ணாம்புக் கல்லுக்குக் கீழ நல்ல கரி இருக்காதுன்னு ரொம்ப நாளா ஒரு நம்பிக்கை. 1822ல ஹெட்டன்ங்கிற இடத்துல அதைத் துளைச்சு கரியைத் தொட்டாங்க, அதே வருஷம் ஜார்ஜ் ஸ்டீபன்சன் அங்கிருந்து சண்டர்லேண்டுக்கு குதிரையே இல்லாம ஒரு ரயில் பாதை போட்டுக் குடுத்தார். அப்புறம் கடற்கரை பூரா வரிசையா பெரிய பெரிய பிட், அதாவது சுரங்கம்.

ஆனா அந்தப் போர்வைக்குக் கீழ ஒரு வில்லன் இருந்துச்சு. கரி உருவாகி முடிஞ்சு ரொம்ப காலம் கழிச்சு இந்த இடம் பாலைவனமா இருந்திருக்கு, அப்ப இருந்த மணல் மேடுங்கதான் சுண்ணாம்புக் கல்லுக்கு அடியில மஞ்ச மணலா கிடக்கு. பாலைவன மணல்தான், இப்ப அது முழுக்க தண்ணி, துளைச்சா கொழகொழன்னு சரிஞ்சு குழிக்குள்ள வந்துடும். ஈசிங்டன்ல 1899ல குழி வெட்ட ஆரம்பிச்சாங்க, கரியைத் தொட சுமார் பத்து வருஷம் ஆச்சு. என்ன பண்ணாங்கன்னா, சுத்தி வட்டமா துளை போட்டு அதுல குழாய் இறக்கி, கடுமையா குளிர வச்ச உப்புத் தண்ணியை ஓட விட்டாங்க. உப்புத் தண்ணி 0 டிகிரிக்குக் கீழ போனாலும் உறையாது, ஆனா சுத்தி இருக்கற மணல்ல உள்ள தண்ணி உறைஞ்சு ஐஸ் சுவராயிடும். அந்த சுவருக்கு நடுவுல தோண்டி, உள்பக்கம் இரும்பு வளையம் வச்சு அடைச்சு கீழ போனாங்க. எனக்கு இந்தக் கதையிலயே ரொம்ப பிடிச்ச இடம் இதுதான்.

அதே ஈசிங்டன்ல 1951 மே 29 அன்னிக்கு வெடி விபத்து, காப்பாத்தப் போன 2 பேரையும் சேர்த்து 83 பேர் செத்தாங்க. கரி வெட்டுற மெஷினோட பல்லு பைரைட்ங்கிற கல்லுல உரசி பொறி பறந்து, அங்க தேங்கியிருந்த மீத்தேன் வாயு பத்திக்கிட்டு, அந்த அதிர்ச்சியில கிளம்பின கரித்தூசியும் சேர்ந்து வெடிச்சுது. பைரைட்னா இரும்பும் கந்தகமும் சேர்ந்த கல். பேரை ஞாபகம் வச்சுக்கங்க, திரும்ப வரும்.

1951லயே இன்னொரு கொடுமையும் நடந்துச்சு. மேற்குல கரி தீர்ந்துட்டே வந்ததால கவுண்டி நிர்வாகம் ஊர்களை ஏ, பி, சி, டின்னு பிரிச்சுது. டின்னா இனிமே அந்த ஊருக்கு ஒரு காசு செலவு கிடையாது, தானா அழியட்டும்னு அர்த்தம். இப்படி 114 ஊர். கிழக்குல கரி இன்னும் இருந்ததால அங்க பீட்டர்லீன்னு புது டவுனே கட்டினாங்க, சுரங்கத் தொழிலாளர் தலைவர் பீட்டர் லீ பேர்ல. சாய்வு எந்தப் பக்கம் இறங்குதோ அந்தப் பக்கம் பணமும் போச்சு, அவ்ளோதான் லாஜிக். ஆனா அந்த கிழக்கும் 1993ல முடிஞ்சுது, மே மாசம் ஈசிங்டன், டிசம்பர்ல கடைசியா மங்க்வியர்மவுத். அந்த கடைசி பிட் இருந்த இடத்துலதான் இப்ப சண்டர்லேண்ட் டீமோட ஃபுட்பால் ஸ்டேடியம்.

சரி, சுரங்கத்தை மூடியாச்சு, பம்பையும் நிறுத்திட்டா என்ன ஆகும்? தண்ணி சும்மா இருக்குமா? மெதுவா ஏற ஆரம்பிக்கும். பழைய குகைகளெல்லாம் ஒண்ணோட ஒண்ணு கோத்து கிடக்கறதால ஒரு இடத்துல ஏறினா பக்கத்து சுரங்கத்துலயும் ஏறும். சுரங்கம் ஓடின காலத்துல காத்து பட்டு பைரைட் துரு பிடிச்சிருக்கும்ல, ஏறுற தண்ணி அந்த இரும்பையும் கந்தக உப்பையும் கரைச்சுக்கிட்டு வரும், வெளிய வந்தா ஆறு ஆரஞ்சு கலராயிடும். அதை விட பெரிய பயம், மேல இருக்கற சுண்ணாம்புக் கல்லுல ஊறி நிக்கற நல்ல தண்ணியை ஜனங்க குடிக்கறாங்க, இது அதுல போய் கலந்துட்டா? அதனாலதான் கரி எடுக்கறதை நிறுத்தின பிறகும் டாடன், ஹார்டன்னு கடலோர இடங்கள்ல இன்னும் பம்ப் பண்ணி, இரும்பைப் பிரிச்சுட்டு கடல்ல விடறாங்க.

இப்ப அந்தத் தண்ணியில இருந்து சூடும் எடுக்கறாங்க. பூமிக்குள்ள போகப் போக சூடு கூடும்ல, கேட்ஸ்ஹெட்ல சுமார் 150 மீட்டர் ஆழத்துல இருக்கற சுரங்கத் தண்ணி 15 டிகிரி வாக்குல இருக்கும், குளிர்காலமோ வெயில்காலமோ பெருசா மாறாது. நம்ம ஃப்ரிட்ஜ் உள்ள இருக்கற சூட்டை உறிஞ்சி பின்பக்கம் தள்ளுதுல்ல, ஹீட் பம்ப்பும் அதே வேலைதான், தண்ணியில இருந்து சூட்டை உறிஞ்சி நல்லா கொதிக்கக் கொதிக்க ஏத்தி குழாய் வழியா வீடு, காலேஜ்னு அனுப்பும். 2023ல ஓட ஆரம்பிச்ச இந்த பிளான்ட் 6 மெகாவாட். சூடு போன தண்ணி திரும்ப அதே பழைய சுரங்கத்துக்குள்ளயே போயிடுது.