வலிக்காத கட்டி ஏன் இறுகுகிறது?

தலவாக்கலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். அம்மாவுக்கு 52 வயது, இன்னும் கொழுந்துக்குப் போகிறார். குளிக்கும்போது இடது மார்பில் ஒரு கட்டி தட்டுப்பட்டிருக்கிறது. "வலியே இல்லை, அதனால் ஒன்றுமில்லை என்கிறார். பக்கத்து லயத்து ஆட்களும் பால் கட்டியிருக்கும், பத்துப் போட்டால் கரைந்துவிடும் என்கிறார்கள். வலிக்காத கட்டிக்கும் ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டுமா?"

போகவேண்டும், இந்த வாரமே. வலி இல்லை என்பதை நல்ல அறிகுறியாக எடுத்துக்கொள்ள முடியாது. மார்பில் வரும் வலிக்குப் பெரும்பாலும் காரணம் மாதவிடாயோடு ஏறி இறங்கும் ஹார்மோன்கள்தான். புற்றுநோய்க் கட்டியோ ஆரம்பத்தில் பெரும்பாலும் வலிப்பதே இல்லை. செல்கள் பெருகுவது மட்டும் வலியைத் தராது. நரம்பு அழுத்தப்பட வேண்டும், அழற்சி வரவேண்டும், புண்ணாக வேண்டும். அதெல்லாம் பிந்தித்தான் நடக்கும். பால் கொடுத்து இருபது இருபத்தைந்து வருடமான மார்பில் பால் கட்டிக்கொள்ளவும் வழியில்லை. அதே நேரம் இதையும் சொல்லவேண்டும்: மார்பில் தட்டுப்படும் கட்டிகளில் மிகப் பெரும்பாலானவை புற்றுநோய் கிடையாது. நீர்க்கட்டியாக இருக்கலாம், ஃபைப்ரோஅடினோமா என்ற சாதாரணக் கட்டியாக இருக்கலாம். எது என்று பரிசோதித்தால்தான் தெரியும்.

இந்தக் கேள்வியை வைத்துக்கொண்டு நான் எழுத ஆசைப்படுவது வேறொன்றைப் பற்றி. கட்டி கைக்கு ஏன் தட்டுப்படுகிறது? சுற்றியுள்ள சதையைவிட இறுகியிருப்பதால். சரி, ஏன் இறுகியிருக்கிறது? புற்றுநோய் செல்கள் கடினமானவை என்றுதான் யாரும் நினைப்பார்கள். உண்மை நேரெதிர். ஒற்றைச் செல்லாகப் பிரித்தெடுத்து நுண்ணிய ஊசிமுனையால் அழுத்திப் பார்த்தால், பரவும் தன்மையுள்ள புற்றுநோய் செல் சாதாரண செல்லைவிட மென்மையாக இருக்கிறது. மெத்தென்ற செல்கள் பல கோடி சேர்ந்து எப்படி இறுகிய கட்டியாகின்றன?

விடை அந்தச் செல்களுக்கு வெளியே இருக்கிறது. மார்பு என்பது பால் சுரப்பிகள், பால்குழாய்கள், கொழுப்பு, இவற்றை ஒன்றாகப் பிடித்து நிற்கும் நார்கள். நாரில் முக்கியமானது கொலாஜன் என்ற புரதம். இதைச் சுரந்து பராமரிப்பவை ஃபைப்ரோபிளாஸ்ட் எனும் செல்கள். சாதாரண நாட்களில் இவற்றுக்கு அதிகம் வேலை கிடையாது. உடம்பில் எங்காவது காயம் பட்டால் ஓடிவந்து கொலாஜனைக் கொட்டி, நார்களை இழுத்துச் சேர்த்து, காயத்தின் வாயை மூடுகின்றன. கவ்வாத்துக் கத்தி கையில் பட்டு ஆறிய தழும்பைத் தொட்டுப் பாருங்கள், தடிப்பாகவும் இறுக்கமாகவும் இருக்கும். வேலை முடிந்ததும் ஃபைப்ரோபிளாஸ்ட்கள் அடங்கிவிடும். காயம் ஆறுவதில் பாதி அழகு இந்த அடங்குதலில்தான் இருக்கிறது.

புற்றுநோய் செல்கள் செய்வது என்னவென்றால், காயம் பட்டபோது கிளம்பும் அதே இரசாயனச் செய்திகளை இடைவிடாமல் அனுப்பிக்கொண்டே இருக்கின்றன. பக்கத்திலுள்ள ஃபைப்ரோபிளாஸ்ட்கள் அதை நம்பி வேலையைத் தொடங்குகின்றன. மூடுவதற்குக் காயம் இல்லை, அதனால் வேலை முடிவதும் இல்லை. கொலாஜன் குவிகிறது. அதோடு லைசில் ஆக்சிடேஸ் என்ற நொதியும் சுரக்கிறது. இந்த நொதி ஒரு கொலாஜன் இழையை இன்னொன்றோடு குறுக்கே பிணைக்கிறது. தனித்தனியாக வழுக்கி நகர்ந்துகொண்டிருந்த இழைகள் ஒன்றோடொன்று பூட்டிக்கொள்ள, சதை இறுகுகிறது. அறுவைச் சிகிச்சையில் எடுத்த சதைத் துண்டுகளை அளந்து பார்த்ததில், வீரியமான மார்புப் புற்றுநோய்க் கட்டி மார்பின் கொழுப்புச் சதையைவிடப் பத்து மடங்குக்கு மேல் விறைப்பாக இருந்திருக்கிறது.

கதை இங்கே முடிந்துவிடவில்லை. செல்கள் தாங்கள் ஒட்டியிருக்கும் இடத்தின் விறைப்பை உணரக்கூடியவை. அவற்றின் மேற்பரப்பில் இன்டெக்ரின் என்ற புரதங்கள் இருக்கின்றன. அவை வெளியிலுள்ள நாரைப் பிடித்து இழுத்துப் பார்க்கின்றன; எதிரிழுப்பு பலமாக இருந்தால் செல்லுக்குள்ளே "வளரு, நகரு" என்ற கட்டளைகள் கிளம்புகின்றன. கட்டி சதையை இறுக்குகிறது, இறுகிய சதை கட்டியைத் தூண்டுகிறது. கலிபோர்னியாவில் வலெரி வீவரின் ஆய்வுக்குழு 2009ல் இதை எலிகளில் காட்டியது: லைசில் ஆக்சிடேஸைத் தடுத்தால் கொலாஜன் பிணைவது குறைகிறது, கட்டி உருவாவதும் தாமதமாகிறது. விஸ்கான்சினில் பட்ரிஷியா கீலியின் குழு இன்னொன்றைக் கண்டது. கட்டியின் விளிம்பில் சுருண்டு கிடக்கவேண்டிய கொலாஜன் இழைகள் விறைத்து நேராகி, கட்டியிலிருந்து வெளிப்பக்கமாக நீட்டி நிற்கின்றன. புற்றுநோய் செல்கள் அந்த இழைகளைப் பிடித்துக்கொண்டே வெளியே நகர்கின்றன. விரலுக்குத் தட்டுப்படும் அந்த இறுக்கம், நோய் தனக்கான பாதையைப் போட்டுக்கொள்ளும் வேலையின் அடையாளம். இதை முதன்முதலில் படித்தபோது எனக்கு ஒரே நேரத்தில் வியப்பாகவும் பயமாகவும் இருந்தது.

இது புரிந்துவிட்டால், கிளினிக் சுவரில் ஒட்டியிருக்கும் அறிகுறிப் பட்டியலை மனப்பாடம் செய்யத் தேவையே இருக்காது. மார்பைத் தோலோடு கட்டி நிறுத்தும் மெல்லிய நார்த் தசைநார்களை 1840ல் ஆங்கிலேய அறுவை மருத்துவர் ஆஸ்ட்லி கூப்பர் விவரித்தார். கட்டி இறுகும்போது இந்த நார்களையும் உள்ளே இழுக்கிறது. அப்போது தோலில் குழி விழும். இழுபடுவது காம்புக்குப் பின்னாலுள்ள பால்குழாய் என்றால், காம்பு உள்வாங்கும். பிறந்ததிலிருந்தே காம்பு உள்வாங்கியிருப்பதில் பயமில்லை. புதிதாக உள்வாங்குவதுதான் விஷயம். கையைத் தூக்கும்போது தோல் மேலே போகும், இழுபட்ட நார் கூடவே போகாது. அதனால்தான் இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கிப் பார்க்கச் சொல்கிறார்கள். ஃபைப்ரோஅடினோமா விரலுக்கு வழுக்கிக்கொண்டு ஓடும், ஏனென்றால் அது சுற்றியுள்ள நாரோடு பிணைவதில்லை. புற்றுநோய்க் கட்டி பெரும்பாலும் ஓரிடத்தில் வேர்விட்டதுபோல நிற்கும். நிணநீர்க் குழாய்கள் அடைபட்டால் தோல் வீங்கி, தோடம்பழத் தோல் போலக் குழிகுழியாகும். காம்பிலிருந்து தானாக இரத்தம் கசிவதும் அக்குளில் கட்டி தட்டுப்படுவதும் இதே வரிசையில் சேரும்.

இனி விரலுக்கு வருவோம். விரல்நுனியில், மேல்தோலின் அடியடுக்கில், தொடுவதை உணரும் மெர்க்கல் செல்கள் இருக்கின்றன. அழுத்தம் நீடிக்கும்வரை விடாமல் மூளைக்குத் தகவல் சொல்லும் நரம்புகள் இவற்றோடு சேர்ந்திருக்கின்றன. விரல்நுனியில் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு இப்படிப்பட்ட நரம்புகள் ஏறத்தாழ 70. முற்றிய இலைக்கு நடுவே இளங்கொழுந்தைக் கண்ணுக்கு முன்னே கை பிரித்தறிவதும் இந்த உணர்வால்தான். மார்பைப் பரிசோதிக்கும்போது நகமுனையால் குத்திப் பார்க்காமல், மூன்று நடுவிரல்களின் நுனியிலுள்ள தட்டையான சதைப்பகுதியைப் பயன்படுத்தவேண்டும். ஒவ்வொரு இடத்திலும் சிறு வட்டமாகச் சுற்றி, மெதுவாக ஒருமுறை, நடுத்தரமாக ஒருமுறை, விலா எலும்பு தெரியும்வரை அழுத்தி ஒருமுறை. மெல்ல அழுத்தினால் மேல்சதை மட்டும்தான் பேசும். ஆழத்தில் உள்ளது தெரியவேண்டுமானால் மேலே உள்ள மென்சதை முழுவதும் அமுங்கி, எலும்புக்கும் விரலுக்கும் நடுவே கட்டி அகப்படவேண்டும். காறை எலும்பிலிருந்து மார்பின் அடி வரை, அக்குளிலிருந்து நடு நெஞ்செலும்பு வரை, மேலும் கீழுமாகக் கோடு கோடாகப் போனால் இடம் விடுபடாது. மாதவிடாய் தொடங்கி ஏழு முதல் பத்து நாள் கழித்துப் பார்ப்பது நல்லது. மாதவிடாய் நின்றவர்கள் மாதத்தில் ஏதாவது ஒரு தேதியை வைத்துக்கொள்ளலாம்.

பொதுத் தண்ணீர்ப் பீலியில் குறுக்குக்கட்டோடு பத்துப் பேர் நடுவே குளிக்கும் பெண்ணிடம் "குளிக்கும்போது பாருங்கள்" என்று சொல்வது எளிது. லயத்துக் காம்பராவில் (அறையில்) இரவு படுத்தபிறகு, போர்வைக்குள்ளே, ஒரு கையைத் தலைக்குக் கீழே வைத்து மறு கையால் பார்ப்பது இன்னும் சரியான முறை. மல்லாந்து படுத்தால் மார்பு விலாமேல் பரந்து மெலிதாகிவிடும், ஆழத்தில் உள்ளதும் தட்டுப்படும்.

ஒரு கணக்கையும் போட்டுப் பார்க்கலாம். ஒரு செல் இரண்டாகி, இரண்டு நாலாகி, 30 முறை இரட்டித்தால் நூறு கோடி செல்லுக்கு மேல் வரும். ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் கட்டி. அதற்குப் பெரும்பாலும் பல வருடங்கள் ஆகியிருக்கும். ஆனால் ஒரு சென்டிமீட்டர் இரண்டாக, கன அளவில் எட்டு மடங்கு, வெறும் மூன்று இரட்டிப்புப் போதும். நாலு சென்டிமீட்டராக இன்னும் மூன்று. பத்துப் போட்டுப் பார்ப்போம், திருவிழா முடியட்டும், பிள்ளையின் பரீட்சை முடியட்டும் என்று தள்ளிப்போடும் மாதங்கள் இந்தக் கடைசி இரட்டிப்புகளில்தான் விழுகின்றன.

கையால் பார்ப்பதால் உயிர் காப்பாற்றப்படுமா? சீனாவின் ஷங்ஹாய் நகரத்தில் துணி ஆலைப் பெண்கள் இரண்டரை இலட்சத்துக்கும் அதிகமானோரை வைத்து நடந்த ஆய்வின் முடிவு 2002ல் வெளிவந்தது. சுயபரிசோதனை கற்றுக்கொடுத்த குழுவிலும் கற்றுக்கொடுக்காத குழுவிலும் மார்புப் புற்றுநோய் மரணங்கள் ஒரே அளவுதான். மும்பையில் டாட்டா நினைவு மருத்துவமனை ஏறத்தாழ ஒன்றரை இலட்சம் பெண்களை வைத்து 20 வருடம் நடத்திய ஆய்வு 2021ல் வந்தது. அதில் பரிசோதித்தவர்கள் பயிற்சி பெற்ற பெண் சுகாதாரப் பணியாளர்கள், இரண்டு வருடத்துக்கு ஒருமுறை, வெறும் கையால். நோய் முற்றிய மூன்றாம், நான்காம் நிலையில் கண்டுபிடிக்கப்பட்டவர்கள் பரிசோதனை செய்யாத குழுவில் 47 வீதம், பரிசோதித்த குழுவில் 37 வீதம். 50 வயதைத் தாண்டிய பெண்களில் மரணம் ஏறத்தாழ 30 வீதம் குறைந்தது; இளையவர்களில் அப்படிக் குறையவில்லை. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் எனக்குத் தெரிவது: தன் மார்பைத் தானே பழகி வைத்திருப்பது மாற்றத்தைக் கவனிக்க உதவும், அதை மட்டுமே நம்பியிருக்க முடியாது. பழகிய கை ஒன்று முறையாக வந்து பார்க்கவேண்டும்.

இலங்கையில் அதற்கான அமைப்பு 1996லிருந்தே இருக்கிறது. சுகாதார வைத்திய அதிகாரி அலுவலகங்கள் நடத்தும் சுவநாரி கிளினிக்கில் 35 வயதிலும் 45 வயதிலும் பெண்களைக் கூப்பிட்டு மார்பு, கருப்பைக் கழுத்து, இரத்த அழுத்தம், சீனி எல்லாம் இலவசமாகப் பார்க்கிறார்கள். இந்த நாட்டுப் பெண்களுக்கு வரும் புற்றுநோய்களில் ஏறத்தாழ நான்கில் ஒன்று மார்புப் புற்றுநோய். அப்படியிருந்தும் நம் தோட்டங்களில் கிளினிக் நாளன்று காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கும் பிரட்டுக்களத்தில் நிற்கும் பெண்ணுக்கு முன்னால் ஒரு கணக்கு இருக்கிறது: கிளினிக்குப் போனால் அன்றைய பேர், அதாவது நாட்சம்பளம், போய்விடும், பாதியில் திரும்பினால் அரைப்பேர்தான். போய்ச் சேர்ந்தாலும், மார்பைப் பற்றிச் சிங்களத்தில் கேட்கும் கேள்விக்குப் பதில் சொல்ல மகனையோ புருஷனையோ பக்கத்தில் நிறுத்தவேண்டிய வெட்கம். மார்புப் புற்றுநோய் விழிப்புணர்வு என்று ஒக்டோபர் மாதத்து ரோஸ் நாடாவுக்கும் ஊர்வலத்துக்கும் செலவாகும் பணத்தைப் பார்க்கும்போது எனக்கு ஆதங்கம் வருகிறது. தமிழ் பேசும் மருத்துவ மாதர்களை மேலும் நியமித்து, சிலிக்கோன் மாதிரி மார்பில் கை பழக்கி, தோட்டத்துக்கே அனுப்புங்கள். கிளினிக் நாளுக்கு முழுப்பேர் போடுங்கள். மார்பை எக்ஸ்ரே எடுக்கும் மெமோகிராம் இயந்திரமும் தேவைதான். ஆனால் அதுவரைக்கும் பெண்ணைக் கொண்டுவந்து சேர்க்கும் கை இல்லாவிட்டால் அது நகரத்தில் சும்மா நிற்கும்.

"ஊசி குத்தினால் பரவும், கத்தி பட்டால் பரவும்" என்ற பேச்சுத்தான் நான் கேட்டதிலேயே அதிக உயிரைப் பறிக்கும் பேச்சு. ஊசியால் எடுப்பது அரிசியளவு சதை. அதை வைத்துத்தான் இது புற்றுநோயா, ஹார்மோனுக்குக் கட்டுப்படும் வகையா, எந்த மருந்து என்றெல்லாம் தெரியும். முற்றிய நிலையில் வந்து, சிகிச்சைக்குப் பின்னும் இறந்துபோனவர்களைப் பார்த்துத்தான் இந்தப் பேச்சு கிளம்பியிருக்கிறது. அவர்களுக்குள் நோய் ஊசிக்கு முன்பே பரவியிருந்தது. கோயிலில் நேர்ந்துகொள்ளுங்கள், நூலும் கட்டிக்கொள்ளுங்கள், அதில் எனக்குச் சண்டை இல்லை. பூசாரியிடம் போகும் அதே கிழமையில் டொக்டரிடமும் போய்விடுங்கள்.

வாசகியின் அம்மாவுக்கு: சுவநாரி கிளினிக் நாள் வரும்வரை காத்திருக்கவேண்டாம், அது கட்டி இல்லாதவர்களுக்கான சோதனை. பக்கத்து அரசாங்க ஆஸ்பத்திரியின் வெளிநோயாளர் பிரிவில் "மார்பில் கட்டி" என்று வாய்விட்டுச் சொல்லி, சத்திரசிகிச்சை கிளினிக்குக் கடிதம் கேளுங்கள். கையால் பார்ப்பது, ஸ்கேன் அல்லது மெமோகிராம், ஊசிப் பரிசோதனை, இந்த மூன்றும் முடியாமல் "ஒன்றுமில்லை" என்று யாரும் சொன்னால் மறுபடி கேளுங்கள். பெண் ஊழியர் ஒருவர் கூட நிற்கவேண்டும் என்று கேட்பதும் உங்கள் உரிமை. புற்றுநோய்ச் சிகிச்சை தேவைப்பட்டால் மஹரகமவிலுள்ள தேசியப் புற்றுநோய் ஆஸ்பத்திரி வரை போகத்தான் வேண்டும் என்றில்லை, கண்டியிலும் பதுளையிலும் பிரிவுகள் இருக்கின்றன. அரசாங்க ஆஸ்பத்திரியில் சிகிச்சை இலவசம். கூடப் போகிறவர் மகளாக இருந்தால் நல்லது. எந்த மார்பு, எப்போது தெரிந்தது, அதற்குப் பிறகு வளர்ந்ததா, மாதவிடாய் எப்போது நின்றது, குடும்பத்தில் யாருக்கும் வந்ததா, இவ்வளவையும் ஒரு கொப்பியில் எழுதிக்கொண்டு போங்கள்.