கொடுத்த அனுமதியைத் திரும்ப வாங்குவது

டேட்டாபேஸில் ஒருவருக்கு அனுமதி கொடுப்பது ஒரு வரி வேலை. 'கிராண்ட்' என்று தொடங்கி எந்த அட்டவணை, என்ன உரிமை, யாருக்கு என்று சொன்னால் போதும். திரும்ப வாங்கும் 'ரிவோக்' கட்டளையும் அதே நீளம்தான். ஆனால் சிக்கலெல்லாம் அங்கேதான்.

போஸ்ட்கிரெஸ் என்ற டேட்டாபேஸ் மென்பொருளில் சம்பள அட்டவணை ஒன்று குமாரின் பெயரில் இருக்கிறது. படிக்கும் உரிமையை மாலாவுக்குத் தருகிறார்; அதை மற்றவர்களுக்கும் தரலாம் என்கிறார். மாலா செல்விக்குத் தருகிறார். இப்போது அட்டவணையின் அனுமதிப் பட்டியலைத் திறந்தால் இந்த இரண்டு பதிவுகளும் இருக்கும்: 'மாலா=ஆர்*/குமார்', 'செல்வி=ஆர்/மாலா'. இடப்பக்கம் வாங்கியவர், சாய்கோட்டுக்கு அப்புறம் கொடுத்தவர். 'ஆர்' என்றால் படிக்கலாம். நட்சத்திரம் இருந்தால் பிறருக்கும் கொடுக்கலாம்.

கொடுத்தவர் பெயர் எதற்கு? மாலாவின் உரிமையைக் குமார் பறிக்கப் போனால், 'இதை நம்பி வேறு அனுமதிகள் இருக்கின்றன' என்று போஸ்ட்கிரெஸ் மறுத்துவிடும். 'காஸ்கேட்' என்று சேர்த்துச் சொன்னால் செல்வியின் உரிமையும் கூடவே போகும்.

இந்தச் சங்கிலியை முதலில் ஆழமாக யோசித்தவர்கள் ஐபிஎம்மின் 'சிஸ்டம் ஆர்' என்ற டேட்டாபேஸ் ஆய்வில் இருந்த பாட்ரிசியா கிரிஃபித்ஸும் பிராட்ஃபோர்ட் வேடும். 1976இல் வெளியான அவர்களுடைய கட்டுரையின் விதி எனக்கு மிகவும் பிடித்தது: பறித்த பிறகு, அந்த அனுமதியைக் கொடுக்கவே இல்லை என்பதுபோல் நிலைமை இருக்க வேண்டும். அதற்காக ஒவ்வோர் அனுமதிக்கும் நேர முத்திரை வைத்தார்கள். இந்த முறை பிறருக்கும் கொடுக்கலாம் என்று சொல்லி மாலா தந்த உரிமையைச் செல்வி ரவிக்குக் கொடுத்துவிட்டார், அதன் பிறகுதான் குமாரும் அதேபோல் செல்விக்கு நேரடியாகக் கொடுத்தார் என்று வையுங்கள். மாலாவின் உரிமை போனால் செல்வி தப்பிப்பார், ரவி தப்பிக்க மாட்டார். ரவிக்குக் கொடுத்த நேரத்தில் செல்வியின் கையில் இருந்தது மாலா தந்தது மட்டும்தானே! இரண்டு ஆண்டுகள் கழித்து ஆய்வாளர் ரொனால்ட் ஃபேகின் இந்த முறையில் ஓர் ஓட்டையைக் காட்டினார்: ஒருவரே ஒரே உரிமையை இரண்டு முறை கொடுத்தால் இரண்டையும் தனித்தனியாகக் குறித்து வைக்க வேண்டும், இல்லாவிட்டால் நியாயமான உரிமையும் பறிபோகலாம். போஸ்ட்கிரெஸ்ஸோ நேரத்தைப் பார்ப்பதில்லை. மறுபடி கொடுக்கும் உரிமை செல்வியிடம் இன்னும் இருக்கிறதா என்று மட்டும் பார்க்கும். இருந்தால் ரவியைத் தொடாது.

இன்னொரு விஷயம்தான் பலரையும் ஏமாற்றுகிறது. ரிவோக் என்பது தடை இல்லை. பட்டியலில் உள்ள ஒரு பதிவை அழிப்பதோடு அதன் வேலை முடிந்தது. '=ஆர்/குமார்' என்று இடப்பக்கம் வெறுமையாக ஒரு பதிவு கிடந்தால், அது எல்லோருக்கும் கொடுத்த அனுமதி. செல்வியின் பதிவை அழித்தாலும் இந்த வழியாக அவர் தாராளமாகப் படிப்பார். அவர் சேர்ந்திருக்கும் குழுவுக்கு உரிமை இருந்தாலும் அதே கதைதான். கட்டளை பிழை எதுவும் காட்டாமல் 'ரிவோக்' என்று பதில் சொல்லும், நாமும் வேலை முடிந்தது என்று நம்பிவிடுவோம். மைக்ரோசாஃப்டின் எஸ்கியூஎல் சர்வர் டேட்டாபேஸில் தடுப்பதற்கென்றே 'டினை' என்று தனிக் கட்டளை உண்டு. போஸ்ட்கிரெஸ்ஸில் அது இல்லாததால், பறித்த கையோடு 'ஹேஸ்_டேபிள்_பிரிவிலேஜ்' செயற்கூற்றை ஓட்டி, செல்வியால் இன்னும் படிக்க முடிகிறதா என்று டேட்டாபேஸிடமே கேட்டுவிடுங்கள்.