சொல்லுக்குப் பொருள் எங்கிருந்து வருகிறது?

ஆங்கில அகராதியில் ஒரு சொல்லுக்கு இதுதான் பொருள் என்று முடிவு செய்வது யார்? அறிஞர்கள் கூடிப் பேசித் தீர்மானிப்பதாகவே பலரும் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. அந்தச் சொல்லை மக்கள் எங்கெங்கே, எப்படியெல்லாம் எழுதியிருக்கிறார்கள் என்று திரட்டி, அதிலிருந்துதான் பொருளைப் பிரித்தெடுக்கிறார்கள்.

ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதி இப்படித்தான் உருவானது. அதன் ஆசிரியர் ஜேம்ஸ் மர்ரே 1879-ல் பொதுமக்களுக்கு ஒரு வேண்டுகோள் விடுத்தார். புத்தகம் படிக்கும்போது கண்ணில் படும் சொல்லை, அது வரும் வாக்கியத்தோடு, நூலின் பெயரும் ஆண்டும் குறித்துச் சீட்டில் எழுதி அனுப்பச் சொன்னார். லட்சக்கணக்கில் வந்து குவிந்த சீட்டுகளை, தோட்டத்தில் போட்ட தகரக் கொட்டகையில் வைத்து அகர வரிசையில் அடுக்கினார்கள். பிறகு ஒரு சொல்லுக்குரிய சீட்டுகளைப் படித்துப் படித்து, பொருள் வேறுபடும் இடத்தில் தனிக் கட்டாகப் பிரித்தார்கள். ஒரு கட்டு, ஒரு பொருள். 1928-ல் வேலை முடிந்தபோது அகராதியில் 18 லட்சத்துக்கும் மேற்பட்ட மேற்கோள்கள் இருந்தன.

இந்த முறையில் ஒரு குறை இருந்தது. வழக்கொழிந்த 'அப்யூஷன்' என்ற சொல்லுக்கு ஐம்பது சீட்டுகள் வர, அன்றாடம் புழங்கும் 'அப்யூஸ்' என்ற சொல்லுக்கு ஐந்துகூடத் தேறவில்லை என்று மர்ரே வருந்தினார். மனிதக் கண் விசித்திரமானதைத்தான் பிடிக்கும். பழகியதைத் தாண்டிப் போய்விடும்.

கணினிக்கு அந்தப் பாரபட்சம் கிடையாது. 1980-களில் பர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தில் ஜான் சின்க்ளேர் குழுவினர் பல லட்சம் சொற்கள் கொண்ட உரைத் தொகுப்பைக் கணினியில் ஏற்றி, ஒரு சொல் வரும் வரிகளையெல்லாம் ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கிப் பார்த்தார்கள். யாரும் கவனிக்காத பழக்கங்கள் அப்போது தெரியவந்தன. 'காஸ் அண்ட் எஃபெக்ட்' என்பதில் வரும் 'காஸ்' என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். அது வினைச்சொல்லாக வரும் வரிகளை அடுக்கினால் அதன் பக்கத்தில் பெரும்பாலும் சேதம், வலி, சிக்கல், மரணம். 'ப்ரொவைட்' என்ற சொல்லுக்குப் பக்கத்திலோ உதவி, உணவு, வேலை. 'என் வெற்றிக்கு அம்மாதான் காரணம்' என்று தமிழில் மனமாரச் சொல்கிறோம். அதையே 'காஸ்' போட்டு ஆங்கிலத்தில் எழுதினால் இலக்கணம் சரியாக இருந்தும் கேட்பவர் காதில் இடறும். ஒரு சொல்லுக்கு ஒரு தமிழ்ச் சொல் என்று மனப்பாடம் செய்யும் நம் மாணவர்களுக்கு இந்தத் தகவல் கிடைப்பதே இல்லை. இது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தரும் விஷயம்.

2013-ல் கூகுள் ஆய்வாளர்கள் இதே எண்ணத்தை இன்னொரு படி கொண்டுபோனார்கள். அவர்களின் நிரல், அக்கம்பக்கச் சொற்களை ஊகித்து ஊகித்தே ஒவ்வொரு சொல்லையும் சில நூறு எண்களாக மாற்றுகிறது. ஒரே மாதிரியான அண்டைச் சொற்கள் உள்ளவை நெருங்கிய எண்களைப் பெறுகின்றன. பொருளை யாரும் சொல்லித் தருவதில்லை. ஆனால் 'குட்', 'பேட்' இரண்டும் அதில் பக்கத்துப் பக்கத்தில் வந்து நிற்கும். நியூஸ், ஐடியா, டே என்று இரண்டும் ஒரே சொற்களோடுதானே சேர்ந்து வருகின்றன! எதிர்ப்பதங்களை இப்படி அருகில் வைத்துவிடுவதால், அந்த எண்களை மட்டும் நம்பி அகராதி எழுத முடியாது. வரிகளை உட்கார்ந்து படிக்க இன்னும் ஆள் வேண்டும்.