கூடலூர் வழக்கும் உண்ணிச்செடிக் கூலியும்

நீலகிரியின் முதுமலைக் காட்டில் பரவிக் கிடக்கும் அயல்நாட்டுப் புதரான உண்ணிச்செடியை (லாண்டானா) வெறுமனே வெட்டிப் போட்டால் அது சாகாது. அடிக்கட்டை முன்னைவிட அடர்த்தியாகத் துளிர்த்துவிடும். மண்ணைக் கொத்தி, தரைக்கு இரண்டு விரற்கடை கீழே ஆணிவேரை அறுத்து, செடியைத் தலைகீழாகக் கவிழ்த்து வைக்க வேண்டும். வேர்க்கழுத்து மண்ணில் படாமல் வெயிலில் காய்ந்துவிடும். இதைக் காய் பிடிக்கும் முன்பே செய்ய வேண்டும், இல்லையென்றால் பறவைகள் விதையைப் பரப்பிவிடும். அப்புறம், அடுத்த மழைக்கு முளைக்கும் கன்றுகளைப் பிடுங்க மறுபடி போக வேண்டும். செலவில் பெரும்பங்கு கூலிதான்.

சரி, கூலிக்குப் பணம்? ஒரு வழி முதுமலையை அடுத்த கூடலூரிலேயே தொடங்கியது. 1995-ல் கேரளத்தின் நிலம்பூர் கோவிலகம் என்ற அரச குடும்பத்தைச் சேர்ந்த டி.என். கோதவர்மன் திருமுல்பாடு, கூடலூர்க் காடுகளில் மரம் வெட்டுவதை எதிர்த்து உச்ச நீதிமன்றம் போனார். அந்த ஒரு மனு நாட்டின் எல்லாக் காடுகளுக்குமான வழக்காக விரிந்தது. சுரங்கத்துக்கோ அணைக்கோ காட்டு நிலத்தை எடுப்பவர், அந்தக் காடு இனி தரவிருந்த நீர், மரம், மண்வளம் எல்லாவற்றுக்கும் இன்றைய விலை போட்டுக் கட்ட வேண்டும் என்று 2002-ல் நீதிமன்றம் சொன்னது. இதுதான் நிகர நிகழ்கால மதிப்பு. 2008-ல் இது காட்டின் தரத்தைப் பொறுத்து ஹெக்டேருக்கு 4.38 லட்சம் முதல் 10.43 லட்சம் ரூபாய் வரை இருந்தது. 2016-ல் வந்த ஈடுசெய் காடு வளர்ப்பு நிதிச் சட்டப்படி, சேரும் பணத்தில் 90 விழுக்காடு மாநிலத்துக்குப் போகும். அதிலிருந்து காடு வளர்ப்பு, பராமரிப்பு வேலைகளுக்குக் கூலி கொடுக்கலாம்.

ஆனால் எனக்கு உறுத்துவது ஒன்று உண்டு. எங்கோ காடு போனால்தான் இந்த நிதிக்குப் பணம் வரும். உண்ணிச்செடியோ எந்தக் கணக்கும் பார்க்காமல் ஒவ்வொரு மழைக்கும் முளைக்கிறது. அதற்கு ஆண்டுதோறும் தவறாமல் வரும் பணம் வேண்டும்.

நீலகிரியில் அப்படி ஒரு வரவு தண்ணீர்தான். சோலையும் புல்வெளியும் மழையைப் பிடித்துவைத்து மெல்ல விடுவதால் கோடையிலும் ஓடைகள் ஓடுகின்றன. பைக்காராவில் 1932 முதல் மின்சாரம் எடுக்கிறோம், பின்னால் குந்தா நீர்மின் திட்டமும் வந்தது. யூனிட்டுக்கு ஒரு பைசாவை மலைக்கென்று ஒதுக்கினால், ஒரு கோடி யூனிட்டுக்கு ஒரு லட்சம் ரூபாய். நாள்கூலி 500 என்று வைத்துக்கொண்டால், 200 ஆள்களுக்கு ஒரு நாள் வேலை. இதற்காக ஒரு மரத்தைக்கூட வெட்ட வேண்டியதில்லை.