டிஆர்எம்: உரிமை மேலாண்மையா, பூட்டா?

'எண்ணிம உரிமை மேலாண்மை' என்ற தொடரைத் திரும்பத் திரும்பப் பார்த்துச் சலித்துவிட்டது. இணையத்தில் விற்கும் பாடல்களைப் பற்றி யார் எழுதினாலும் டிஆர்எம் (டிஜிட்டல் ரைட்ஸ் மேனேஜ்மென்ட்) என்பதற்கு இதைத்தான் போடுகிறார்கள். ஆங்கிலத் தொடரில் மூன்று சொல், தமிழிலும் மூன்று சொல், கணக்கு சரி. ஆனால் படிப்பவருக்கு என்ன விளங்கும்? காசு கொடுத்த நமக்குள்ள உரிமையை யாரோ பொறுப்பாகப் பார்த்துக்கொள்கிறார்கள் என்றுதான் தோன்றும். நடப்பதோ நேர்மாறு.

டிஆர்எம் செய்யும் வேலை இவ்வளவுதான்: பாடல் கோப்பை மறையாக்கம் செய்து, அதாவது சாவியில்லாமல் படிக்க முடியாதபடி மாற்றித் தருவார்கள், அதைத் திறக்கும் சாவி விற்பவரிடம் இருக்கும். எந்தக் கருவியில், எத்தனை கணினியில் அதைத் திறக்கலாம் என்பதை அவர் முடிவு செய்வார். ஆப்பிள் 2003-இல் ஐடியூன்ஸ் கடையைத் திறந்து ஒரு பாடலை 99 சென்ட்டுக்கு விற்றபோது 3 கணினிகளில் கேட்கலாம் என்றது. அடுத்த ஆண்டே அதை 5 ஆக்கியது. ஒரே பாடல் பட்டியலைக் குறுந்தட்டில் பதியும் தடவைகளை மட்டும் 10-லிருந்து 7 ஆகக் குறைத்தது. ஏற்றுவதும் குறைப்பதும் அவர்கள் கையில்தான்.

சொற்களுக்கு வருவோம். 'டிஜிட்டல்' விரலைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. விரல்விட்டு எண்ணுவதால் எண்ணைக் குறித்தது. எண்ணிமம், எண்முறை, இலக்கமுறை எதுவானாலும் எனக்குச் சம்மதம். சிக்கல் 'உரிமை'யில் இருக்கிறது. உரி என்பது அடிச்சொல். உரிய, உரியவர், உரித்து எல்லாம் அதன் கிளைகள். 'வினைக்குரிமை நாடிய பின்றை' என்ற குறளில் அது ஒரு வேலைக்கு ஒருவன் உரியவனாக இருக்கும் தகுதியைச் சொல்கிறது. இன்றைய வழக்கில் நமக்குச் சேர வேண்டியது, பிறர் பறிக்கக்கூடாதது என்ற பொருள் நின்றுவிட்டது. ஆகவே பாடலை வாங்கியவர் முன்னால் வெறுமனே 'உரிமை' என்றால் அவர் தன் உரிமையைத்தான் நினைப்பார். யாருடைய உரிமை என்று சொல்லாமல் விட்டது ஆங்கிலத்தார் செய்த தந்திரம். அதை நாமும் ஏன் சுமக்க வேண்டும்?

இதைவிட வலுவான காரணம் சட்டத்திலேயே இருக்கிறது. உலக அறிவுசார் சொத்து அமைப்பின் 1996-ஆம் ஆண்டுப் பதிப்புரிமை உடன்படிக்கையில் 11-ஆவது பிரிவு தொழில்நுட்பத் தடுப்புகளைப் பற்றியது. 12-ஆவது பிரிவு உரிமை மேலாண்மைத் தகவலைப் பற்றியது. இரண்டும் வேறு வேறு. பின்னது என்ன தெரியுமா? படைப்பு எது, படைத்தவர் யார், உரிமை யாருடையது, எந்த நிபந்தனையில் பயன்படுத்தலாம் என்ற விவரங்கள். அமெரிக்காவின் 1998-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டமும் இதே மாதிரி பிரித்து வைத்திருக்கிறது. அப்படியானால் இசையமைத்தவர், எழுதியவர், பாடியவர் பெயர்களை ஒழுங்காகப் பதிந்து அவரவர் பங்கைக் கொண்டுசேர்க்கும் வேலைக்குத்தான் 'உரிமை மேலாண்மை' என்ற பெயர் பொருந்தும். அது நல்ல வேலை, நமக்கு அந்தச் சொல் வேண்டும். அதைப் போய்த் தடுப்புக்குக் கொடுத்துவிட்டால், பிறகு இதை எப்படிச் சொல்வது?

சிலர் 'உரிமைக் காப்பு' என்கிறார்கள். பேடன்ட்டைக் காப்புரிமை என்று வழங்குகிறோம்; முன்பின்னாக மாற்றிப் போட்டால் குழப்பம்தான் மிஞ்சும். கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையினர் ஆங்கிலத்தில் நடு எழுத்தான 'ஆர்' என்பதற்கு 'ரைட்ஸ்' என்று கொள்ளாமல் 'ரெஸ்ட்ரிக்‌ஷன்ஸ்', அதாவது 'கட்டுப்பாடு' என்று பொருள் கொண்டு எதிர்ப்பைக் காட்டுகிறார்கள். அவர்கள் சொல்வது நியாயம். ஆனால் அந்த விளையாட்டு ஆங்கில எழுத்தை நம்பி நிற்பது. 'எண்ணிமக் கட்டுப்பாட்டு மேலாண்மை' என்று தமிழில் கொண்டுவந்தால் வாயில் நுழையாது.

என் பரிந்துரை 'எண்ணிமப் பூட்டு'. பூண் என்பதோடு உறவுள்ளது பூட்டு. ஏர் பூட்டுகிறோம், நாண் பூட்டுகிறோம்: ஒன்றை இன்னொன்றோடு பிணைப்பது. பாடலைக் குறிப்பிட்ட கருவியோடு பிணைப்பதும் அதுதானே. மறையாக்கத்தில் ஏற்கெனவே சாவி, திறவுகோல் என்று பேசுகிறோம், அதோடும் இசைகிறது. கதவில் மாட்டும் மின்பூட்டோடு குழம்பும் என்று ஒரு நண்பர் சொன்னார். கதவைப் பற்றிப் பேசுகிறோமா பாடலைப் பற்றியா என்பது பேச்சிலேயே தெரிந்துவிடும். 'கலைச்சொல் போல இல்லையே' என்பது இன்னொரு குறை. புரிவது ஒரு குறையா?

பூட்டு என்று சொன்னால்தான் வரலாறும் விளங்கும். 2007-இல் இஎம்ஐ இசை நிறுவனத்தின் பாடல்கள் பூட்டில்லாமல் ஐடியூன்ஸில் வந்தபோது விலை 1.29 டாலர். ஒலித்தரமும் கூடியது, உண்மைதான். ஆனாலும் பூட்டைக் கழற்ற வாங்கியவரே கூடுதல் காசு கொடுத்தார். மறு ஆண்டு யாகூ தன் இசைக் கடையை மூடி, சாவி தரும் சர்வரையும் நிறுத்தியது. வாங்கிய பாடலைப் புதுக் கணினிக்கு மாற்ற வழியில்லை. எதிர்ப்பு கிளம்பிய பிறகு இழப்பீடு தந்தார்கள். விலை கொடுக்காமல் திருட்டு நகலை இறக்கியவருக்கு இந்தத் தொல்லை எதுவும் இல்லை, அவரிடம் இருந்த கோப்பில் பூட்டே கிடையாது. 'எண்ணிம உரிமை மேலாண்மையால் வாடிக்கையாளர் பாதிக்கப்பட்டனர்' என்று எழுதினால் இதில் எது தெரிகிறது?

மொழிபெயர்ப்பாளர்களிடம் இன்னொரு குறையும் உண்டு. உரிமை வேறு, உரிமம் வேறு. உரிமம் ஒருவர் தரும் அனுமதி, நிபந்தனைக்கு உட்பட்டது. பல விற்பனை ஒப்பந்தங்களில் கிடைப்பது உரிமம்தான். ஓர் எழுத்துப் பிசகால் அது 'பாடலின் உரிமையைப் பெறுகிறீர்கள்' என்று ஆகிவிடுகிறது. அந்தப் பாடலை வேறொருவருக்கு விற்கப் போனால்தான் உண்மை தெரியும்: வாங்கிய பாடல் கோப்புகளை மறுவிற்பனை செய்ய இடம் கொடுத்த ரீடிஜி, 2018-இல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றத்திலும் தோற்றது. கலிஃபோர்னியாவில் 2025 முதல், உரிமம் மட்டும் தருகிறவர் அதைத் தெளிவாகச் சொல்லாமல் 'வாங்கு' என்று பொத்தானில் போடக்கூடாது என்று சட்டமே வந்துவிட்டது. தமிழில் அந்தப் பொத்தானுக்குக் கீழே எழுத வேண்டியது எளிது: 'இது கேட்பதற்கான உரிமம் மட்டுமே. எண்ணிமப் பூட்டு உண்டு. இத்தனை கருவிகளில் திறக்கும். கடை மூடினால் திறக்காமல் போகலாம்.'