ஒரே அடியில் சாவு: மந்திரவாதியின் 64 வழிகள்

வேளச்சேரி வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "ஞாயிறுதோறும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆடுகிறோம். முதல் லெவலில் எங்கள் மந்திரவாதி ஓகர் அடித்த ஒரே அடியில் போய்ச் சேர்ந்தார். ஐந்தாம் லெவல் வந்தபிறகு அப்படி யாருமே சாவதில்லை. டி.எம். பகடையில் ஏதாவது கோளாறா?"

ஆளுக்கொரு பாத்திரத்தை ஏற்று, சண்டையின் முடிவைப் பகடையால் தீர்மானிக்கும் ஆட்டம் இது. ஆட்டத்தை நடத்தி, ஓகர் போன்ற பூதங்களை இயக்குபவர் டி.எம். லெவல் என்பது பாத்திரத்தின் அனுபவப் படி. பகடையைச் சந்தேகிக்க வேண்டாம். காரணம் விதியிலேயே இருக்கிறது.

2014இல் வந்த ஐந்தாம் பதிப்பின்படி, ஹிட் பாயிண்ட் (பாத்திரத்தின் உயிர்ப் புள்ளி) பூஜ்யமானால் மயக்கம். பிறகு தன் முறை வரும்போதெல்லாம் இருபது முகப் பகடையில் டெத் சேவ், அதாவது உயிர் பிழைப்பதற்கான உருட்டல். 10 அல்லது மேலே விழுந்தால் வெற்றி, குறைந்தால் தோல்வி. எது முதலில் மூன்றைத் தொடுகிறதோ அதுதான் முடிவு. 1 விழுந்தால் இரண்டு தோல்வி, 20 விழுந்தால் ஒரு பாயிண்டோடு எழலாம். யாரும் உதவாமல், யாரும் மேற்கொண்டு அடிக்காமல் விட்டால் சாகும் வாய்ப்பு 40.5 சதவீதம். மயங்கிக் கிடப்பவரை ஐந்தடிக்குள் நின்று அடித்தால், பட்ட அடி கிரிட்டிக்கல் (சேதப் பகடைகள் இரட்டிப்பாகும் அடி). உடனே இரண்டு தோல்வி, வாய்ப்பு 78.75 சதவீதமாக ஏறிவிடும். பல டி.எம்.கள் இதை மறந்துவிடுகிறார்கள்.

உடனடிச் சாவு வேறு விதி. ஓர் அடி உங்களைப் பூஜ்யத்துக்கு இறக்கிய பிறகும் மிஞ்சுகிற சேதம், உங்கள் முழு ஹிட் பாயிண்டை எட்டிவிட்டால் டெத் சேவுக்கே இடமில்லை.

கான்ஸ்டிடியூஷன் (உடல் உறுதியைக் காட்டும் எண்) 14 உள்ள முதல் லெவல் மந்திரவாதிக்கு, மந்திரவாதி என்பதற்காக 6, கான்ஸ்டிடியூஷனுக்காக 2, ஆக முழு ஹிட் பாயிண்ட் 6 + 2 = 8. ஓகரின் தடி தரும் சேதம் எட்டு முகப் பகடை இரண்டு, கூட்டல் 4. இரண்டு பகடைகள் 64 வழிகளில் விழலாம். காயமே படாத மந்திரவாதி அங்கேயே சாக 16 சேதம் வேண்டும். அதாவது பகடையில் 12 அல்லது மேலே. 12க்கு 5 வழி, 13க்கு 4, 14க்கு 3, 15க்கு 2, 16க்கு 1. மொத்தம் 15. ஏற்கெனவே அடிபட்டு 3 பாயிண்டில் நிற்பவருக்கு 11 சேதமே போதும். பகடையில் 7 வந்தால் கதை முடிந்தது. அதற்கு 49 வழிகள்.

வெறும் 5 பாயிண்ட் வித்தியாசம், 15 எங்கே, 49 எங்கே! எனக்கு இந்த விதியில் மிகப் பிடித்த இடம் இதுதான். 7 முதல் 11 வரையிலான கூட்டுத்தொகைகளில் மட்டும் 34 வழிகள் குவிந்து கிடக்கின்றன. அந்த 5 பாயிண்ட் இழப்பு எல்லைக்கோட்டைச் சரியாக அந்தக் குவியலுக்கு இந்தப் பக்கம் இழுத்துவிடுகிறது. 'விழுந்தபிறகு எழுப்பினால் போதும், முன்கூட்டியே ஹீலிங்கை வீணாக்காதே' என்று ஒரு அறிவுரை உலவுகிறது. முதல் லெவலில் அது தவறு. அங்கே ஹீலிங் வேர்ட் என்ற குணப்படுத்தும் மந்திரம் ஒரு முறை திருப்பித் தரும் சராசரி 5.5 பாயிண்ட், மேலே பார்த்த 49ஐ ஏறக்குறைய 15 ஆக்கிவிடுகிறது.

இதே மந்திரவாதி ஐந்தாம் லெவலில் 32 பாயிண்டோடு நிற்கிறார். முழு உடம்போடு இருப்பவரை உடனே கொல்ல 64 சேதம் வேண்டும். ஓகரின் கிரிட்டிக்கல் அடியே உச்சபட்சம் 36தான். ஹிட் பாயிண்ட் கூடக்கூட எல்லைக்கோடும் கூடவே ஓடுவதால், இந்த விதி புதியவர்களை மட்டுமே கொல்கிறது. 1981இல் வெளியான கால் ஆஃப் துலு ஆட்டத்தில் அனுபவம் கூடினாலும் ஹிட் பாயிண்ட் கூடுவதில்லை. அதனால்தான் துப்பாக்கி என்றால் அங்கே கடைசிவரை பயம்.

1974இன் முதல் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் காலத்து விஷம் இன்னொரு ரகம்: சேவ் (தப்பிப்பதற்கான பகடை உருட்டல்) தவறினால் சாவு. தவறும் வாய்ப்பு இருபதில் ஒன்றே என்றாலும் அலட்சியமாக இருக்க முடியாது. பூதம் அந்தப் பகடையை ஒரு சண்டையில் சந்திக்கிறது. உங்கள் பாத்திரம் ஆயுள் முழுக்கச் சந்திக்கிறது. 0.95ஐ 14 முறை பெருக்கினால் 0.488. பதினான்கு சேவுக்குள் செத்துவிடுவதற்கே வாய்ப்பு அதிகம். 'இதுவரை தப்பித்தாச்சு, ராசியான பகடை' என்று அதைப் பொத்தி வைப்பதில் பயனில்லை. தாயக்கட்டையை எத்தனை முறை ஊதி உருட்டினாலும் 0, 1, 2, 3 உள்ள இரட்டைக் கட்டையில் தாயம் விழுவது எட்டில் ஒன்றுதான். பிளஸ் டூ முடித்தவர்கள்கூட ராசியை நம்புவது வருத்தமாக இருக்கிறது. நிகழ்தகவுப் பாடத்தை மதிப்பெண்ணுக்காக மட்டும் நடத்துவதன் விளைவு இது.

வேளச்சேரி குழு விரும்பினால் ஒரு மாற்றம் செய்யலாம். மிஞ்சும் சேதத்தை முழு ஹிட் பாயிண்டோடு ஒப்பிடாமல், கான்ஸ்டிடியூஷன் எண்ணோடு ஒப்பிடுங்கள். 3 பாயிண்டில் நிற்கும் முதல் லெவல் மந்திரவாதிக்கு 49 வழிகள் 10 ஆகக் குறையும். ஐந்தாம் லெவலில் 5 பாயிண்டில் நிற்பவருக்கு, இதுவரை பூஜ்யமாக இருந்தது 3 ஆகும். ஓகர் மீண்டும் பயமுறுத்துவார். பாத்திரம் உருவாக்கும் அன்றே இதை எல்லாருக்கும் சொல்லிவிடுங்கள். கான்ஸ்டிடியூஷனுக்கு எந்த எண்ணை வைப்பது என்று ஆட்டக்காரர்கள் அன்றுதான் முடிவு செய்கிறார்கள்.